சோகை என்ற சொல்லுக்குப் பின்னால்

மலைக் கிராமங்களில் வெளிறிய முகத்தைக் கண்டதும் இரும்பு மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. ஆனால் சிலரது ரத்தத்தில் இருப்பது பெற்றோரிடமிருந்து வந்த கோளாறு. அதைக் கண்டுபிடிக்கச் சோதனைகள் இருக்கின்றன. அவை சரியான வரிசையில், சரியான நேரத்தில் நடக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். அது விழும் சிறு குழாயில் ஏற்கெனவே ஒரு ரசாயனக் கரைசல் தயாராக இருக்கிறது. ஐந்து நிமிடம் கழித்து, கறுப்புக் கோடுகள் அச்சிட்ட வெள்ளை அட்டையின் முன்னால் குழாயைப் பிடித்துப் பார்க்கிறார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. கலங்கிப்போன திரவம் கோடுகளை மறைத்துவிட்டால், அந்த ரத்தத்தில் 'ஹீமோகுளோபின் எஸ்' இருக்கிறது என்று பொருள். சிவப்பணுக்களைக் கருக்கரிவாள் போல வளைத்துவிடும் ஹீமோகுளோபின் அது.

நீலகிரியிலும், பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியிலும், வயநாட்டிலும் வாழும் ஆதிவாசிகளுக்கு இந்தக் குழாய் புதிதல்ல. அரிவாள் செல் சோகை என்று தமிழிலும் அரிவாள் ரோகம் என்று மலையாளத்திலும் அழைக்கப்படும் நோயைத் தேடி முகாம்கள் நடக்கும்போதெல்லாம் முதலில் வெளியே வருவது இதுதான். மலிவானது, எளிதானது, மின்சாரம் தேவைப்படாதது. ஆனால் இது பாதிச் செய்தியை மட்டுமே சொல்லும். கலங்கிய குழாயின் சொந்தக்காரர் நோயாளியா, அல்லது ஆயுள் முழுவதும் ஆரோக்கியமாக வாழக்கூடிய 'கேரியரா' என்பதை அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் குழாய் ஒரே மாதிரிதான் கலங்கும்.

அந்த மீதிப் பாதியைச் சொல்வதற்குப் பெரிய கருவிகளும், பயிற்சி பெற்ற கண்களும் வேண்டும். அவை மலைகளில் இல்லை. சமவெளி நகரங்களில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் பல குழந்தைகளின் உடல்நிலை தீர்மானிக்கப்படுகிறது.

பெயர் ஒன்று, காரணம் பல

இந்தியாவில் சோகை ஒரு நோயாகவே பார்க்கப்படுவதில்லை. அவ்வளவு சாதாரணம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவிகிதம் பேருக்குச் சோகை இருந்தது. தமிழ்நாட்டில் இது 57 சதவிகிதம். ஆரோக்கியத்துக்குப் பெயர் பெற்ற கேரளத்திலும் 39 சதவிகிதம். இவர்களில் மிகப் பலருக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு, சத்தான உணவின்மை, குடற்புழு, அடிக்கடி வரும் தொற்று. ஆகவே அரசு தரும் இரும்பு மாத்திரைக்கு நியாயம் இருக்கிறது. அதை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஆனால் சோகை என்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி மட்டுமே. ஹீமோகுளோபின் அளவு குறைந்திருக்கிறது என்பதைத் தவிர அந்தச் சொல் வேறெதையும் தெரிவிப்பதில்லை. ஹீமோகுளோபினின் அமைப்பே மாறியிருந்தால் அரிவாள் செல் நோய். அது போதுமான அளவு உற்பத்தியாகாவிட்டால் தலசீமியா. சிவப்பணுவின் மேலுறை பலவீனமாக இருந்து அணு உருண்டையாகிவிட்டால் அது பரம்பரை உருண்டையணு நோய். அணுவைப் பாதுகாக்கும் ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைந்திருந்தால், சில மருந்துகளைச் சாப்பிட்டதும் அணுக்கள் கூட்டம் கூட்டமாக உடையும். நான்கும் பரம்பரையாக வருபவை. நான்கிலும் முகம் வெளிறும். நான்குக்கும் சிகிச்சை வேறு வேறு.

மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறாத குழந்தை, அடிக்கடி கண் மஞ்சளாகும் சிறுவன், குளிர்காலம் வந்தாலே மூட்டும் எலும்பும் வலிக்கிறது என்று அழும் சிறுமி ஆகியோரைப் பார்க்கும்போதுதான் 'இது எந்தச் சோகை?' என்ற கேள்வி எழ வேண்டும். எழாவிட்டால் வலி வாதமாகவும், மஞ்சள் வெறும் காமாலையாகவும், களைப்பு சோம்பலாகவும் சீட்டில் பதிவாகிவிடும்.

மலை முகட்டில் ஒரு தமிழ் ஊர்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, டாப் ஸ்டேஷன் வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர் போனால் வட்டவடை. இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு. மலைமுகட்டுக்கு அப்பால் தமிழ்நாடு. படிப்படியாக வெட்டிய சரிவுகளில் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு விளைகின்றன. இங்கும் பக்கத்துக் காந்தளூரிலும் விளையும் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பஞ்சாயத்து கேரளத்தினுடையது, தெருவில் கேட்பது தமிழ். சுற்றியுள்ள காடுகளில் முதுவர்களின் குடிகள் இருக்கின்றன. மதுரையை விட்டு வந்தபோது தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் பெயர்க் காரணம்.

கேரளத்தில் அரிவாள் செல் நோய் என்றால் நினைவுக்கு வருபவை வயநாடும் அட்டப்பாடியும்தான். வட்டவடையின் பெயர் அந்த வரிசையில் சொல்லப்படுவதில்லை. அதனாலேயே இங்கே கேள்வி வேறு விதமாகிறது. அட்டப்பாடியில் ஓர் இருளர் குழந்தை வெளிறிப்போய் வந்தால், டாக்டரின் மனதில் அரிவாள் செல் என்ற எண்ணம் தானாக வரும். அந்தப் பெயர் அடிபடாத ஊரில் அது வராமல் போகலாம். பரம்பரைக் கோளாறு ஊரின் உயரத்தையோ மாவட்டத்தின் எல்லையையோ பார்ப்பதில்லை. மனிதர்கள் எங்கே போகிறார்களோ, எங்கே பெண் கொடுத்து எடுக்கிறார்களோ, அங்கேயெல்லாம் கூடவே போகிறது.

பழங்குடிகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் தவறு. வயநாட்டில் பணியர், குறுமர் ஆகியோரோடு, பழங்குடிப் பட்டியலில் இல்லாத வயநாடன் செட்டிகளிடமும் அரிவாள் செல் காணப்படுகிறது. தலசீமியாவோ சிந்திகள், பஞ்சாபிகள், குஜராத்தின் லோகானாக்கள், வங்காளிகள் எனப் பல சமூகங்களில் பரவலாக இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களில் 'ஹீமோகுளோபின் இ' மிகச் சாதாரணம். மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக்கும் இது அடுத்த வீட்டுச் செய்திதான்.

நீலகிரியிலிருந்து கிடைத்த ஆதாரம்

அரிவாள் வடிவச் சிவப்பணுவை மருத்துவ உலகுக்கு முதலில் விவரித்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹெரிக். ஆண்டு 1910. நோயாளி, கரிபியன் கடலில் உள்ள கிரெனடா தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்திருந்த ஒரு கறுப்பின மாணவர். அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே கருதப்பட்டது.

அந்த எண்ணம் ஆட்டம் கண்டதில் நீலகிரிக்குப் பங்குண்டு. ஜெர்மனியில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய ஹெர்மன் லேமனும், மேரி கட்புஷ்ஷும் 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் அரிவாள் செல் கூறு இருப்பதை 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' மூலம் அறிவித்தார்கள். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் அது கண்டறியப்பட்டது. அந்தத் தொழிலாளர்கள் மத்திய, கிழக்கு இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

இதற்குள் நோயின் உள்வேலையும் புரியத் தொடங்கியிருந்தது. 1949இல் லைனஸ் பாலிங்கும் சகாக்களும், நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினார்கள். ஒரு நோயின் மூலத்தை ஒரு மூலக்கூறில் சுட்டிக்காட்டிய முதல் சம்பவம் அது. 1956-57இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ரம் இன்னும் நெருங்கிப் போனார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் உட்கார்ந்திருந்தது. தவறு அவ்வளவுதான். ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறு போலத் திரிகின்றன, அணு வளைகிறது, மெல்லிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. சாதாரணச் சிவப்பணுவுக்கு 120 நாள் ஆயுள். வளைந்த அணுவுக்கு 10 முதல் 20 நாள்.

இவ்வளவு கெடுதல் செய்யும் கூறு தலைமுறை தலைமுறையாக அழியாமல் நின்றது ஏன்? 1954இல் ஆண்டனி ஆலிசன் ஆப்பிரிக்காவில் கிடைத்த ஆதாரங்களோடு பதில் சொன்னார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறைப் பெற்றவர்களைக் கடுமையான மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலேரியா நிறைந்த காடுகளில் அது ஒரு கவசம். இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தை அந்தக் கவசத்துக்கான விலையைக் கொடுக்கிறது.

இந்தியாவில் காணப்படும் அரிவாள் செல் கூறுக்கு ஒரு தனிப் பின்னணி உண்டு. அரபு-இந்திய வகை என்று இதற்குப் பெயர். இந்த வகையினரிடம் பிறந்த பிறகும் சிசு ஹீமோகுளோபின் கணிசமாக நீடிப்பதால் பலருக்கு நோய் சற்று மிதமாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படி இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. மிதமாக இருப்பதாலேயே கண்டுபிடிக்கப்படாமல் வளர்ந்து, பிரசவத்தின்போதோ கடுமையான தொற்றின்போதோ முதல் தடவையாகச் சிக்கலில் மாட்டுபவர்களும் உண்டு.

படிப்படியாக ஒரு துப்பறிதல்

பரிசோதனைக்கூடத்தில் நடப்பது ஒரு போலீஸ் விசாரணை மாதிரி. ஒரே சாட்சியை நம்பி முடிவுக்கு வருவதில்லை.

முதல் படி, எந்த ஊர் லேபிலும் எடுக்கக்கூடிய முழு ரத்த அணுப் பரிசோதனை. இதில் கவனிக்க வேண்டியது ஹீமோகுளோபின் அளவை மட்டுமல்ல. சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன், அதாவது எம்.சி.வி., எவ்வளவு? அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு? இரும்புக் குறைவில் அணுக்கள் சிறுத்து எண்ணிக்கையும் குறையும். தலசீமியா கூறைச் சுமப்பவருக்கு அணுக்கள் சிறுத்திருக்கும், ஆனால் எண்ணிக்கை ஏறியிருக்கும். முன்னதை (ஃபெம்டோலிட்டரில்) பின்னதால் (மில்லியனில்) வகுத்தால் வருவது மென்ட்சர் குறியீடு. 65ஐ 5.5ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12. 13க்குக் கீழே இருப்பதால் தலசீமியா சந்தேகம். 70ஐ 4ஆல் வகுத்தால் 17.5, இரும்புக் குறைவுப் பக்கம். இது தீர்ப்பு ஆகாது. ஆனால் ஒரு பேனாவும் ஏற்கெனவே கையிலுள்ள ரிப்போர்ட்டும் போதும்.

அடுத்தது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தை மெல்லியதாக இழுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. வளைந்த அணு, குறிபார்க்கும் பலகை போல நடுவில் புள்ளியுள்ள அணு, நடுவில் வெளிறாத உருண்டை அணு ஆகியவற்றை அனுபவமுள்ள டெக்னீஷியனின் கண் பிடித்துவிடும்.

தலசீமியாவுக்கும் ஒரு குழாய்ச் சோதனை உண்டு. 'நெஸ்ட்ராஃப்ட்' என்று பெயர். 0.36 சதவிகித உப்புக் கரைசலில் ரத்தத்தை விட்டால் சாதாரண அணுக்கள் வெடித்துக் கரைசல் தெளிந்துவிடும். தலசீமியா அணுக்கள் வெடிக்காமல் தாக்குப்பிடித்து, கரைசலைக் கலங்கலாகவே வைத்திருக்கும். குழாய்க்குப் பின்னால் கோடு தெரிகிறதா என்பதுதான் இங்கும் சோதனை. ஆனால் இரும்புக் குறைவும் சில சமயம் இதே விடையைத் தரும்.

அரிவாள் செல் குழாய்க்கும் பலவீனங்கள் உண்டு. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையிடம் சிசு ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதால், நோய் இருந்தும் குழாய் தெளிவாகத் தோன்றலாம். கடுமையான சோகையிலும் அப்படியே. ரத்தத்தில் கொழுப்போ சில புரதங்களோ மிகுந்திருந்தால் நோயில்லாதவர் குழாய்கூடக் கலங்கும். ஆகவே 'தெளிவு' என்றால் விடுதலை என்றோ 'கலங்கல்' என்றால் தண்டனை என்றோ அர்த்தமில்லை. அண்மைக் காலத்தில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போன்ற பட்டைகள் வந்துள்ளன. ஹீமோகுளோபின் ஏ, எஸ் இரண்டையும் தனித்தனிக் கோடுகளாகக் காட்டி, சுமப்பவரையும் நோயாளியையும் கிராமத்திலேயே பிரித்துச் சொல்ல முயல்பவை இவை.

உறுதி செய்யும் இடம் எச்.பி.எல்.சி. எனப்படும் கருவி. ஒரு குழலுக்குள் ரத்தக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்தினால், ஒவ்வொரு ஹீமோகுளோபினும் தனக்குரிய நேரத்தில் வெளியே வருகிறது. சில நிமிடங்களில் வரைபடம் தயார். சாதாரணமாக வளர்ந்தவர் ரத்தத்தில் ஏறக்குறைய 97 சதவிகிதம் ஏ, இரண்டு முதல் மூன்றரை சதவிகிதம் ஏ-2, மிகச் சிறிதளவு எஃப். ஏ அதிகமாகவும் எஸ் முப்பது, நாற்பது சதவிகிதமாகவும் இருந்தால் அவர் கூறைச் சுமப்பவர். ஏ இல்லவே இல்லை, எஸ்ஸும் எஃப்பும் மட்டுமே என்றால் நோயாளி. ஏ-2 மூன்றரையைத் தாண்டி, அணுவும் சிறுத்திருந்தால் பீட்டா தலசீமியா சுமப்பவர்.

இங்கேயும் கண்ணிகள் உண்டு. கடுமையான இரும்புக் குறைவு ஏ-2 அளவைக் கீழே இழுக்கும். தலசீமியா சுமக்கும் ஒரு பெண் இரும்புக் குறைவோடும் இருந்தால், கருவி அவரைச் சாதாரணமானவர் என்று சொல்லிவிடலாம். இரும்பு கொடுத்துச் சரியான பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். ஹீமோகுளோபின் இ, ஏ-2 வரும் அதே நேரத்தில் வெளிவந்து அதன் பெயரில் ஒளிந்துகொள்ளும். மின்புல முறையிலோ, காரக் கரைசலில் எஸ்ஸும் டி-யும் ஒன்றாக நகரும். அமிலக் கரைசலில் மாற்றி ஓட்டினால்தான் பிரியும். ஒரு பெற்றோரிடமிருந்து அரிவாள் செல்லும், மற்றவரிடமிருந்து தலசீமியாவும் பெற்ற குழந்தையின் வரைபடம் அரிவாள் செல் நோயாளியினுடையதைப் போலவே இருக்கலாம். அப்போது அப்பா, அம்மா இருவரின் ரத்தத்தையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலே டி.என்.ஏ. பரிசோதனை. வேலூர் சி.எம்.சி., மும்பையின் தேசிய இம்யூனோஹீமட்டாலஜி நிறுவனம் போன்ற இடங்களில் இது நடக்கிறது. இந்தியாவின் பீட்டா தலசீமியாவில் பெரும்பகுதிக்கு ஐந்தாறு மரபணு மாற்றங்களே காரணம் என்பதால் தேடுதல் சற்று எளிது. கருவிலிருக்கும் குழந்தைக்குச் சோதனை செய்ய வேண்டுமானால் பெற்றோரின் மரபணு மாற்றம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பதினோராவது வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கலாம். ஆனால் மலைக் குடியிலிருந்து ஐந்தாவது மாதத்தில் முதல் தடவையாகச் செக்கப்புக்கு வரும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

மருந்தே விஷமாகும்போது

ஹீமோகுளோபின் சோதனையில் ஒன்றுமே தெரியாத கோளாறுகளும் உண்டு. ஜி-6-பி-டி குறைபாடு அவற்றில் முக்கியமானது. இதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்களையே தாக்குகிறது. சாதாரண நாட்களில் எந்தத் தொல்லையும் இராது. வைவாக்ஸ் மலேரியா வந்து, அது திரும்பி வராமலிருக்க பிரைமாகுயின் கொடுக்கப்படும்போது சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளாகி, ஹீமோகுளோபின் மளமளவென்று இறங்கும். ஒளிரும் புள்ளிச் சோதனை என்ற எளிய முறையால் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் தாக்குதல் நடந்த உடனே எடுத்தால் ஏமாற்றும். என்சைம் குறைந்த முதிய அணுக்கள் உடைந்துபோய், என்சைம் உள்ள இளம் அணுக்களே மிஞ்சியிருப்பதால் விடை சாதாரணமாக வரும். சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

பரம்பரை உருண்டையணு நோயில் மண்ணீரல் வீங்கும், பித்தப்பையில் இளவயதிலேயே கல் உருவாகும். 'எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் மஞ்சள் இருக்கும்' என்று சொல்லும் குடும்பங்களில் இதைத் தேட வேண்டும். உடலே தன் அணுக்களைத் தாக்கும் நோயிலும் உருண்டை அணுக்கள் தெரியும் என்பதால் முதலில் கூம்ப்ஸ் சோதனை. பிறகு உப்புக் கரைசல் சோதனையோ, சாயம் ஏற்றி அளக்கும் ஈ.எம்.ஏ. சோதனையோ.

தூரமும் நேரமும்

வட்டவடை போன்ற ஊரில் இந்த விசாரணை எங்கே தடைபடுகிறது? பெரும்பாலும் முதல் இரண்டு படிகளுக்குப் பிறகு. எச்.பி.எல்.சி. கருவியின் விலை பல லட்சம் ரூபாய். அதை ஒவ்வொரு மலைக்கும் ஏற்ற முடியாது. ஏற்ற வேண்டியதும் இல்லை. ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைக் குளிர்ந்த பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும். வெயிலில் நிற்கும் ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தால் தாங்காது. குழந்தையின் குதிகாலில் குத்தி வடிதாளில் உலர்த்திய ரத்தப் புள்ளி இன்னும் எளிதாகப் பயணம் செய்யும். ஆகவே மனிதர் மலையிறங்கத் தேவையில்லை, ரத்தம் இறங்கினால் போதும்.

அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. சந்தேகம் இருந்தால், ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே சோதனைக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். ஆபத்தான நிலையில் மூணாறுக்கோ, போடிமெட்டு வழியாகத் தேனிக்கோ கொண்டுபோகப்படும் குழந்தைக்கு முதலில் ரத்தம் ஏற்றுவதுதான் நியாயம். ஆனால் ஏற்றிய பிறகு எடுக்கும் மாதிரியில் இருப்பது பாதி தானம் கொடுத்தவரின் ரத்தம். சரியான விடைக்கு மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும். அதற்குள் குடும்பம் மலையேறிவிடும். இரண்டு மில்லிலிட்டர் ரத்தத்தை ஒரு குழாயில் தனியே எடுத்து வைக்காததால், நோயின் பெயர் தெரியாமல் இன்னொரு வருடம் ஓடிவிடும்.

பிறகு மொழி. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கிறது. அரசின் மொழி மலையாளம். வீட்டில் பேசுவது தமிழ் அல்லது முதுவர்களின் பேச்சு. 'பாசிட்டிவ்' என்ற ஒரு சொல் இந்த மூன்று மொழிகளைக் கடந்து போய்ச் சேரும்போது, ஆரோக்கியமான ஒரு பெண் நோயாளி ஆகிவிடுகிறாள்.

இந்த இடத்தில்தான் நீலகிரி அனுபவம் உதவும். 1990இல் கூடலூரில் தொடங்கப்பட்ட 'அஸ்வினி' அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. அரிவாள் செல் நோயாளிகளைக் கண்டறிந்து தொடர்ந்து கவனிப்பது அதன் பணிகளில் ஒன்று. ரத்தம் எடுப்பவரும் முடிவைச் சொல்பவரும் அதே சமூகத்துப் பெண்ணாக இருந்தால், பாதி பயம் வாசலிலேயே போய்விடும்.

கல்யாணப் பேச்சில் ஒரு சீட்டு

கூறைச் சுமப்பவருக்கு மருந்து வேண்டாம், பத்தியம் வேண்டாம். அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒரு கணக்கு மட்டும். சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க 25 சதவிகித வாய்ப்பு. சுமக்கும் குழந்தைக்கு 50. எதுவும் இல்லாத குழந்தைக்கு 25. 'நாலில் ஒன்று என்றார்கள், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கும் பயமில்லை' என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று உறவுக்குள்ளேயே முடிக்கும் வழக்கத்தில் இரண்டு சுமப்பவர்கள் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கொடுத்தால்தான் பெண் கண் கலங்கமாட்டாள் என்று நம்பும் குடும்பங்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் சோதனை தவறாகப் போன உதாரணமும் இருக்கிறது. கிரீஸ் நாட்டின் ஆர்கோமெனோஸ் என்ற ஊரில் அரிவாள் செல் கூறு அதிகம். அங்கே கல்யாணத்துக்கு முன்பே கண்டறிந்து தடுக்கலாம் என்று பரிசோதனை செய்தார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தபோது, சுமப்பவர் என்று தெரிந்தவர்களுக்கு ஊரில் களங்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சில் உண்மையை மறைத்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் 1970களில் நடந்த அவசரப் பரிசோதனைகளுக்குப் பிறகு, ஆரோக்கியமான கறுப்பினச் சுமப்பவர்கள் வேலையிலும் இன்ஷூரன்ஸிலும் பாகுபாட்டைச் சந்தித்தார்கள்.

சைப்ரஸ் வேறு வழியில் போனது. தலசீமியா மிகுந்த அந்தத் தீவில் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்று வேண்டும் என்று 1980களில் திருச்சபையே கேட்கத் தொடங்கியது. சான்றில் இருவரும் சோதித்துக்கொண்டார்கள், ஆலோசனை பெற்றார்கள் என்பது மட்டும் இருக்கும், முடிவு இருக்காது. முடிவு எடுப்பது மணமக்களின் உரிமை. தலசீமியா நோயுடன் பிறக்கும் குழந்தைகள் அங்கே அபூர்வமாகிவிட்டார்கள், கல்யாணங்களும் நின்றுவிடவில்லை. ரகசியம் காக்கப்பட்டதும், எல்லோரும் சோதிக்கப்பட்டதால் யாரும் தனித்துத் தெரியாததும் இதற்குக் காரணங்கள்.

பெயர் தெரிந்த பிறகு

பரம்பரை நோய்க்கு மருந்தில்லை, பிறகு கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பயன் இருக்கிறது. அரிவாள் செல் நோயுள்ள குழந்தையின் மண்ணீரல் சீக்கிரமே செயலிழந்து நிமோனியா கிருமியிடம் தோற்றுவிடுகிறது. ஐந்து வயதுவரை தினமும் பென்சிலின் கொடுத்தால் இந்த ஆபத்து பெருமளவு குறையும் என்று 1986இல் அமெரிக்க ஆய்வு ஒன்று நிரூபித்தது. தடுப்பூசிகள் கூடுதல் பாதுகாப்பு. ஹைட்ராக்சியூரியா மாத்திரை சிசு ஹீமோகுளோபினை உயர்த்தி வலித் தாக்குதல்களைக் குறைக்கிறது. நிறையத் தண்ணீர் குடிப்பது, குளிரிலிருந்து காத்துக்கொள்வது, காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது ஆகியவை செலவில்லாத சிகிச்சைகள். வட்டவடையின் குளிரில் இவற்றில் இரண்டாவது சின்ன விஷயம் அல்ல.

தலசீமியா மேஜரில் மாதந்தோறும் ரத்தமும், சேர்ந்துபோகும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். இவர்களுக்கு இரும்பு மாத்திரை கொடுப்பது நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. பொருத்தமான எலும்பு மஜ்ஜை கிடைத்தால் மாற்றுச் சிகிச்சை உண்டு. வேலூரில் இது 1986லேயே தொடங்கிவிட்டது. 2023 இறுதியில் மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். இங்கே இப்போதைக்குப் பயன்படப்போவது பென்சிலினும் ஹைட்ராக்சியூரியாவும்தான்.

அரசும் விழித்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் அரிவாள் செல் நோயையும் பட்டியலில் சேர்த்தது. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் பிரதமர் மோடி தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தமிழ்நாடும் கேரளமும் உட்பட 17 மாநிலங்கள். நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேருக்குச் சோதனை. 2047க்குள் ஒழிப்பு. 2025 மத்திக்குள் 6 கோடிக்கும் அதிகமானோர் சோதிக்கப்பட்டுவிட்டார்கள் என்று அரசு தெரிவித்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயாளிகள் எனத் தெரியவந்தது. சுமப்பவர்கள் இதைப்போலப் பல மடங்கு.

எண்ணிக்கை பெரிதுதான். ஆனால் அந்த இரண்டு லட்சம் பேரில் எத்தனை பேருக்கு மாத்திரை மாதா மாதம் வீட்டருகே கிடைக்கிறது, சுமப்பவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் நோயாளிகள் இல்லை என்பது புரிந்திருக்கிறது என்பதைக் கொண்டே திட்டத்தை எடைபோட வேண்டும். இது அரிவாள் செல்லுக்கான திட்டம் என்பதையும் மறக்கக் கூடாது. தலசீமியாவும் ஜி-6-பி-டியும் உருண்டையணு நோயும் அதே குழாய் ரத்தத்தில்தான் இருக்கின்றன. கேட்டால்தான் பதில் சொல்லும்.

மலை உச்சியில் உள்ள ஒரு சுகாதார நிலையம் இதற்காகப் பெரிதாக மாற வேண்டியதில்லை. இரும்பு மாத்திரை கொடுத்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி அளப்பது, ஏறாவிட்டால் எம்.சி.வி.யைப் பார்ப்பது, குடும்பத்தில் மஞ்சளோ வலியோ இளவயதுச் சாவோ உண்டா என்று கேட்பது, ரத்தம் ஏற்றும் முன் ஒரு குழாய் எடுத்து வைப்பது, வந்த முடிவை அவர்கள் மொழியில் தனியாக உட்காரவைத்துச் சொல்வது. இவ்வளவும் செய்தால் போதும். பிறகு அந்தக் குழந்தையின் சீட்டில் 'சோகை' என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டியிருக்காது.